கஸ்டம் சைக்கிள் தப்பா வந்தா 'ரிட்டர்ன் கிடையாது'ன்னு சொன்னதும் அடங்கிடணுமா? ஆம்பூர் ஷூ ஃபேக்டரி சொல்லித்தரும் பாடம்

"கஸ்டம் ஆர்டர் சார், ரிட்டர்ன் எல்லாம் வராது. சீட்டைக் கொஞ்சம் இறக்கிக்கோங்க. பத்து நாள்ல பழகிடும்."

போன வருஷம் ஒரு சைக்கிள் கடையிலிருந்து எனக்கு வந்த பதில் இது. கடை பெங்களூருவில். வெப்சைட்டில் பார்த்து, வாட்ஸ்அப்பில் பேசி, எனக்கேற்ற மாதிரி செய்யச் சொல்லி ஆர்டர் கொடுத்தது. விலை 84,000 ரூபாய். பாதி அட்வான்ஸ், மீதி அனுப்பும் முன்னாடி. ஏழு வாரம் காத்திருந்தேன். ஆம்பூரில் அக்கா வீட்டு வாசலில் பெட்டி வந்து இறங்கியபோது, தெருவில் பாதிப் பேர் வேடிக்கை பார்த்தாங்க.

பெட்டியைப் பிரித்தால் மூன்று தப்பு.

நான் கேட்டது 52 சைஸ் ஃப்ரேம். வந்தது 54. நான் கேட்டது முன்னாடி 50/34 பல்சக்கரம், ஏலகிரி ஏறணும் என்பதற்காக. வந்தது 52/36. கேட்டது மெஹந்தி பச்சை. வந்தது அதைவிடக் கொஞ்சம் இருட்டான பச்சை.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? சீட்டை இறக்கி, ஒன்பது நாள் ஓட்டினேன். அதுக்கப்புறம்தான் கடைக்கு எழுத்தில் புகார் அனுப்பினேன். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் எல்லாவற்றிலும் பெரிய தப்பு கடை செஞ்சது இல்லை. அந்த ஒன்பது நாள்தான்.

மாமா கேட்ட ஒரே கேள்வி

அக்கா வீட்டுக்காரர் ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கார். சாயங்காலம் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தவர் சைக்கிளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"சாம்பிள் ஷீட் எங்க மாப்ள?"

"சாம்பிள் ஷீட்டா? அதெல்லாம் இல்ல மாமா. வாட்ஸ்அப்ல பேசினோம்."

"அப்போ எதை வச்சு இது தப்புன்னு சொல்லப்போற?"

எனக்குப் பதில் இல்லை. அவர் கேட்டது கிண்டலுக்கு இல்லை. அவர் வேலையே அதுதான்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நெடுஞ்சாலையை ஒட்டி நீளும் இந்தத் தோல் பகுதியில், 'கஸ்டம் ஆர்டர்' என்பது புது வார்த்தையே இல்லை. இங்கே நடப்பதில் பெரும்பகுதி கஸ்டம் ஆர்டர்தான். 1970களின் தொடக்கத்தில் மத்திய அரசு பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. அதன்பிறகு முழுசாகப் பதனிட்ட தோல், ஷூவின் மேல்பாகம், முழு ஷூ என்று தொழில் படிப்படியா மாறியது. வெளிநாட்டு பையர் டிசைன் கொடுப்பார், இங்கே தைத்து அனுப்புவாங்க.

அந்த வியாபாரம் வாய்வார்த்தையில் நடப்பதில்லை. பையர் முதலில் ஒரு ஸ்பெக் ஷீட் கொடுப்பார். தோலின் கனம் எத்தனை மில்லிமீட்டர், ஒரு இஞ்சுக்கு எத்தனை தையல், எந்த லாஸ்ட் (அதாவது ஷூவை இழுத்து வடிவம் கொடுக்கிற கால் அச்சு), எந்த சோல், எந்த நிறம் என்று எல்லாம் அதில் இருக்கும். அதன்படி ஒரு சாம்பிள் ஜோடி செய்து காட்டணும். பையர் சரின்னு சொன்னதும் அந்த ஜோடியில் சீல், கையெழுத்து. ஒன்று பையரிடம், இன்னொன்று ஃபேக்டரியில். கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங், ஃபினிஷிங் என்று எந்த செக்‌ஷனில் சந்தேகம் வந்தாலும் அந்தச் சீல் வைத்த ஜோடிதான் நீதிபதி.

சரக்கு தயாரானதும் இன்ஸ்பெக்‌ஷன். லாட்டிலிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஜோடிகளை எடுத்து சாம்பிளோடு ஒப்பிடுவாங்க. தப்புகள் அனுமதித்த அளவைத் தாண்டினால் லாட் ரிஜெக்ட். அப்போது யாரும் பையரிடம் போய், "இது கஸ்டம் ஆர்டர் சார், உங்களுக்காகவே செஞ்சது, திருப்பி எடுக்க முடியாது, போட்டுப் பாருங்க, பழகிடும்" என்று சொல்வதில்லை. சொல்லவும் முடியாது. கஸ்டம் ஆர்டர் என்பதால்தான் ஸ்பெக் ஷீட்டே இருக்கு. ஸ்பெக் ஷீட் இருப்பதால்தான் ரிஜெக்ட் பண்ண முடியுது.

பகல் முழுக்க இந்த விதியில் வேலை பார்க்கிற ஊர் இது. ஆனால் அதே ஊர்க்காரர் தன் சொந்தக் காசில் ஒரு சைக்கிளோ, கட்டிலோ, கல்யாண பிளவுஸோ சொல்லிச் செய்து அது தப்பா வந்தால், "சரி விடு, என்ன பண்றது" என்று வாங்கிக்கிறார். பையருக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?

என் கருத்து இதுதான்: 'கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் கிடையாது' என்ற வரி, வாங்கினவர் மனசு மாறினால் மட்டும் செல்லும். கடை தப்பாச் செஞ்சால் செல்லாது. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பித்தான் நம் வாயை அடைக்கிறாங்க.

சட்டம் என்ன சொல்லுது?

முதலில் வெளிநாட்டைப் பார்த்துடலாம், ஏன்னா 'ரிட்டர்ன் கிடையாது' என்ற வழக்கத்துக்கு அங்கே ஒரு தெளிவான எல்லை இருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 நுகர்வோர் உரிமை உத்தரவுப்படி, ஆன்லைனில் வாங்கிய பொருளைக் காரணமே சொல்லாமல் 14 நாளில் ரத்து செய்யலாம். வாங்குபவர் சொன்ன அளவில் பிரத்யேகமாகச் செய்த பொருளுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆனால் அது மனசு மாறுவதற்கான சலுகை மட்டுமே. பொருள் ஒப்பந்தப்படி இல்லாவிட்டால் கேள்வி கேட்கும் உரிமை அப்படியே இருக்கு.

நம்ம ஊரில் மனசு மாறினால் திருப்பித் தரும் பொது உரிமை சட்டத்தில் இல்லை. அது கடையின் பாலிசி. ஆனால் தப்பான பொருள் விஷயத்தில் சட்டம் நம்ம பக்கம்தான் பேசுது. மூன்று இடங்களைப் பாருங்க.

ஒன்று, 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். விவரணை சொல்லி விற்ற பொருள் அந்த விவரணையோடு ஒத்துப்போகணும் என்கிறது பிரிவு 15. சாம்பிள் காட்டி விற்றால் அதோடும் ஒத்துப்போகணும் என்கிறது பிரிவு 17. மாமா கையில் இருக்கும் சீல் வைத்த ஜோடியும், என் '52 சைஸ்' என்ற வார்த்தையும் சட்டத்தின் கண்ணில் ஒரே குடும்பம்.

இரண்டு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதில் 'குறைபாடு' என்பது உடைசல், ஓட்டை மட்டும் இல்லை. ஒப்பந்தப்படியோ, விற்பவர் சொன்னபடியோ இருக்க வேண்டிய தரத்தில், அளவில் வரும் எந்தக் குறையும் அதில் அடங்கும். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 'நேர்மையற்ற வணிக நடைமுறை'. பில்லில் காலம் எதுவும் சொல்லலைன்னா 30 நாள்.

மூன்று, 2020 ஜூலையில் வந்த இ-காமர்ஸ் விதிகள். பொருள் குறையுள்ளதாக இருந்தாலோ, விளம்பரப்படுத்தியபடியோ ஒப்புக்கொண்டபடியோ இல்லாவிட்டாலோ, அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. 'ஒப்புக்கொண்டபடி' என்ற அந்த வார்த்தையைக் கவனிங்க. ரெடிமேட் பொருளில் கடையும் நீங்களும் தனியா ஒப்புக்கொள்ள அதிகம் இருக்காது. கஸ்டம் ஆர்டரில் ஒவ்வொரு அளவும் ஒப்புக்கொண்டதுதான். அதாவது, கஸ்டம் ஆர்டர் கொடுத்தவர் நிலை பலவீனமானது இல்லை. சாதாரண ஆர்டரைவிடப் பலமானது. ஆனால் அந்த ஒப்புதல் எழுத்தில் இருக்கணும்.

பெட்டி வந்த அன்று செய்ய வேண்டியது

இப்போ என் ஒன்பது நாள் கதைக்கு வரேன்.

சரக்கு விற்பனைச் சட்டத்தில் 'ஏற்றுக்கொள்ளுதல்' என்று ஒரு கட்டம் இருக்கு. பொருளைப் பார்த்துச் சரிபார்க்க வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்பு கிடைக்கணும் என்கிறது பிரிவு 41. ஆனால் சரின்னு சொல்லிட்டாலோ, சொந்தக்காரர் மாதிரி அதைப் பயன்படுத்தினாலோ, வேண்டாம்னு சொல்லாமல் ரொம்ப நாள் வச்சிருந்தாலோ, ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு என்கிறது பிரிவு 42. ஏற்றுக்கொண்ட பிறகு, 'பொருளே வேண்டாம்' என்ற வாதம் பலவீனமாகி, 'விலையைக் குறை, நஷ்டஈடு கொடு' என்ற வாதமாகச் சுருங்கிவிடும்.

நான் ஒன்பது நாள் ஓட்டினேன். டயரில் தேய்மானம், ஃப்ரேமில் இரண்டு கீறல். கடைக்காரர் அதைத்தான் பிடிச்சுக்கிட்டார். "யூஸ் பண்ணிட்டீங்களே சார்." நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருந்தால் எல்லாமே கைவிட்டுப் போயிருக்கும்னு சொல்ல முடியாது. ஆனால் என் வாதத்தை நானே சாணை பிடிக்காமல் மழுங்கடிச்சுட்டேன்.

அதனால், பெட்டி வந்தால்:

• பெட்டி கிழிஞ்சோ நசுங்கியோ இருந்தால், டெலிவரி ரசீதில் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே அதை எழுதுங்க. 'பெட்டி சேதம்' என்ற இரண்டு வார்த்தை போதும்.

• பிரிப்பதை ஒரே வீடியோவா எடுங்க. பெட்டி மேல் ஒட்டியிருக்கும் முகவரி, அப்புறம் சீல் கிழிப்பது, அப்புறம் உள்ளே இருப்பது. நடுவில் கட் வேண்டாம்.

• ஓட்டுவதற்கு முன்னாடி அளங்க. டேப் வச்சு ஃப்ரேம், கிராங்கின் மேல் அச்சடிச்சிருக்கும் நீளம், பல்சக்கரத்தில் எழுதியிருக்கும் எண், ஹேண்டில்பார் அகலம், டயர் பக்கவாட்டில் இருக்கும் சைஸ். ஒவ்வொன்றையும் டேப்போடு சேர்த்து ஃபோட்டோ எடுங்க. ஃப்ரேமின் சீரியல் நம்பர் பெரும்பாலும் பெடல் அச்சுக்குக் கீழே இருக்கும். அதையும் எடுங்க.

• தப்பு இருந்தால் ஓட்டாதீங்க. "சும்மா தெருக்கோடி வரைக்கும்" என்பதும் ஓட்டுறதுதான்.

• அன்றைக்கே, முடியலைன்னா மறுநாள், எழுத்தில் சொல்லுங்க. போன் பண்ணலாம். ஆனால் போன் பேசி முடிச்சதும் "இப்போ பேசினதில் நான் சொன்னது இது" என்று ஒரு மெயில் போடுங்க.

• பெட்டி, தெர்மாகோல், பில் எதையும் தூக்கிப் போடாதீங்க. வாட்ஸ்அப் சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி மெயிலில் வச்சுக்கோங்க. ஒரிஜினல் சாட்டையும் போனிலிருந்து அழிக்காதீங்க.

இன்னொன்று. "நீங்களே பேக் பண்ணி பெங்களூருக்கு அனுப்புங்க, அப்புறம் பார்ப்போம்" என்பது கடைகளின் இரண்டாவது அஸ்திரம். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், சரியான காரணத்தோடு மறுத்த பொருளைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமை வாங்கினவருக்கு இல்லை, மறுப்பதாகத் தெரிவித்தால் போதும் என்று பிரிவு 43 சொல்லுது. "ஆள் அனுப்பி எடுத்துக்கோங்க" என்று தைரியமா கேட்கலாம். அதுவரை பொருளைப் பத்திரமா வச்சிருங்க.

எல்லாத் தப்பும் ஒண்ணு இல்ல

இங்கேயும் ஷூ ஃபேக்டரியைப் பார்த்துக் கத்துக்கலாம். இன்ஸ்பெக்‌ஷனில் தப்புகளை மூணாப் பிரிப்பாங்க: கிரிட்டிக்கல், மேஜர், மைனர். ஷூவுக்குள் ஆணி நீட்டிக்கிட்டிருந்தால் கிரிட்டிக்கல், ஒன்றுகூட அனுமதி இல்லை. சோல் ஒட்டாமல் இருந்தால் மேஜர். உள்பக்கம் ஒரு நூல் தொங்கினால் மைனர். மூன்றுக்கும் ஒரே தண்டனை கிடையாது.

சைக்கிளிலும் இப்படிப் பிரிச்சுப் பாருங்க.

கிரிட்டிக்கல்: உயிருக்கு ஆபத்து. ஃப்ரேமிலோ ஃபோர்க்கிலோ விரிசல், பிரேக் பிடிக்காதது, ஹேண்டில்பார் இறுகாமல் சுழல்வது. பேச்சே இல்லை, ஓட்டக் கூடாது, மாற்றணும்.

மேஜர்: கேட்டது வேற, வந்தது வேற, அதனால் பயன்பாடு மாறுது. இதிலும் இரண்டு வகை. சரிசெய்ய முடிந்தது, முடியாதது. என் பல்சக்கரம் முதல் வகை. பின்னாடி பெரிய சக்கரத்தில் 32 பல். முன்னாடி 34 இருந்தால், பெடலை ஒரு சுற்று மிதிச்சால் வீல் சுமார் 1.06 சுற்று சுத்தும். 36 இருந்தால் 1.13 சுற்று. கேட்க அற்பமாத் தெரியும். ஆனால் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவிலும் ஒவ்வொரு மிதிக்கும் சுமார் 6 சதவீதம் கூடுதல் பளு என்றால், எட்டாவது வளைவில் முட்டி பேசும். ஆனாலும் இது ஒரு பார்ட். கழற்றி மாற்றலாம்.

ஃப்ரேம் அப்படி இல்லை. 52க்குப் பதில் 54 வந்தால் சீட்டை இறக்கலாம். ஆனால் சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரைக்குமான தூரம் சீட்டை இறக்கினாலும் பெரிசா குறையாது. அந்தத் தூரத்தைக் கொஞ்சம் சமாளிக்க ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மைச் சின்னதா மாற்றலாம். அதுவும் ஓரளவுக்குத்தான், சைக்கிள் திரும்பும் விதமே மாறிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் கை மரத்துப் போறது, கழுத்து வலி. 'பழகிடும்' என்பது, எட்டாம் நம்பர் கால்காரரை ஒன்பதாம் நம்பர் ஷூவில் இரண்டு சாக்ஸ் போட்டு நடக்கச் சொல்ற மாதிரி.

மைனர்: என் பச்சை நிறம். ஸ்கிரீனில் பார்த்த நிறமும் பெயிண்ட்டில் வரும் நிறமும் ஒத்துப்போகாது என்பது எல்லாருக்கும் தெரியும். தோலிலும் லாட்டுக்கு லாட் ஷேடு மாறும். அதனால்தான் 'இதுக்கு மேல் இருட்டாக் கூடாது, இதுக்குக் கீழ் வெளுக்கக் கூடாது' என்று இரண்டு எல்லைத் துண்டுகளைக் கையில் வச்சிருப்பாங்க. நான் நிறத்துக்கு எண் கொடுக்கலை. 'மெஹந்தி பச்சை' என்றுதான் எழுதினேன். அதில் கடையைக் குறை சொல்ல எனக்கு முகம் இல்லை.

இப்படிப் பிரிச்சுக்கிட்டுப் பேசினால் ஒரு லாபம் இருக்கு. மூன்று தப்பையும் ஒரே கத்தலில் சொன்னால், கடைக்காரர் நிறத்தைப் பற்றியே அரை மணி நேரம் பேசி ஃப்ரேமை மறக்கடிச்சிடுவார். எனக்கு அதுதான் நடந்தது.

எழுத்தில் என்ன கேட்கணும்?

கோபமா எழுத வேண்டாம். வக்கீல் பாஷையும் வேண்டாம். நாலு விஷயம் இருந்தால் போதும்: என்ன ஒப்புக்கொண்டோம், என்ன வந்தது, எனக்கு என்ன வேணும், எந்தத் தேதிக்குள். இப்படி எழுதலாம்:

"ஆர்டர் எண் இது. இந்தத் தேதியில் நீங்க உறுதிசெய்த அளவு: ஃப்ரேம் 52, பல்சக்கரம் 50/34. இந்தத் தேதியில் எனக்கு வந்தது: ஃப்ரேம் 54, பல்சக்கரம் 52/36. ஃபோட்டோ, வீடியோ இணைத்திருக்கிறேன். சைக்கிளை ஓட்டவில்லை. ஒப்புக்கொண்டபடி இல்லாததால் ஏற்க மறுக்கிறேன். சரியான ஃப்ரேமும் பல்சக்கரமும் மாற்றித் தரவும், அல்லது முழுத் தொகையையும் திருப்பித் தரவும். சைக்கிளை எடுத்துப்போக ஏற்பாடு செய்யவும். 15 நாளில் பதில் இல்லாவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வேன்."

ஆன்லைன் கடையாக இருந்தால் இதைக் கடையின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் அனுப்புங்க. இ-காமர்ஸ் விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைச்சதை உறுதிப்படுத்தணும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்லணும். அவர் பெயரும் தொடர்பு விவரமும் வெப்சைட்டில் இருக்கணும் என்பதும் விதிதான்.

கடை ஏதாவது இழப்பீடு பேசினால், ஒத்துக்கும் முன்னாடி ஒரு கணக்குப் போடுங்க. "2,000 ரூபாய் கூப்பன் தரேன்" என்பது பெரும்பாலும் விஷயத்தை மூடுவதற்கான வழி. "இதோடு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அதில் இருக்கான்னு பாருங்க.

கடை மசியலைன்னா?

முதல் படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். 8800001915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பும் பண்ணலாம். இது கோர்ட் இல்லை, உத்தரவு போடும் அதிகாரம் இதுக்குக் கிடையாது. ஆனால் புகார் எண்ணோடு கடைக்குத் தகவல் போகும். பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும்.

அடுத்தது, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இதில் நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இருக்கும் பயங்களைப் பார்ப்போம்.

"கடை பெங்களூரில் இருக்கே, அங்கே அலையணுமே?" வேண்டாம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ புகார் செய்யலாம். ஒரே ஒரு விஷயம், பழைய வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிஞ்சது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போ திருப்பத்தூர் மாவட்டம். உங்க ஊர் எந்த ஆணையத்தின் எல்லைக்குள் வருதுன்னு தாக்கல் செய்யும் முன்னாடி கேட்டுக்கோங்க.

"ஃபீஸ் எவ்வளவு ஆகும்?" பொருளுக்கு நீங்க கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் கட்டணமே இல்லை.

"வக்கீல் வைக்கணுமா?" கட்டாயம் இல்லை. நீங்களே வாதாடலாம். 2025 ஜனவரியிலிருந்து இ-ஜாக்ரிதி என்ற தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். வீடியோ வழி விசாரணைக்கும் சட்டத்தில் இடம் இருக்கு.

"எவ்வளவு நாளுக்குள்?" பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம்.

"தீர்ப்பு எப்போ வரும்?" எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து 3 மாதம், பொருளை லேபில் சோதிக்கணும்னா 5 மாதம் என்று சட்டம் சொல்லுது. நடைமுறையில் இதைவிட நீளலாம், அதையும் மனசில் வச்சுக்கோங்க. இந்தக் கால தாமதத்தை நம்பித்தான் சில கடைகள் 'கேஸ் போட்டுக்கோ' என்று தைரியமா சொல்றாங்க. ஆணையங்களின் காலியிடங்களையும் வசதிகளையும் அரசு சரிசெய்யாவிட்டால், நல்ல சட்டம் பேப்பரில்தான் இருக்கும்.

பணம் கட்டிய விதமும் முக்கியம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 'சொன்னபடி பொருள் இல்லை' என்று வங்கியில் டிஸ்பியூட் கொடுக்க வழி இருக்கு. அதுக்குக் காலக்கெடு உண்டு, அதனால் கடையோடு பேசும்போதே வங்கியிலும் கேட்டு வைங்க. இ.எம்.ஐ-யில் வாங்கியிருந்தால் கோபத்தில் தவணையை நிறுத்தாதீங்க. கடன் கொடுத்த நிறுவனத்தோடு உங்களுக்கு இருப்பது தனி ஒப்பந்தம். கடை தப்புக்கு உங்க கிரெடிட் ஸ்கோர் அடி வாங்கும்.

சைக்கிள் வச்சே டெலிவரி வேலை பார்க்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. 'வியாபாரத்துக்கு வாங்கினதால் நீ நுகர்வோர் இல்லை' என்று கடை சொல்லலாம். பிழைப்புக்காகத் தானே சுயமா வேலை செய்ய வாங்கினவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கு.

கடைக்காரர் பக்கம் நியாயம் இல்லையா?

இருக்கு. அதை மறைச்சுட்டு எழுதினால் இது ஒருதலைப்பட்சம்.

ஒருத்தர் உடம்புக்கு அளந்து செஞ்ச சைக்கிளை இன்னொருத்தர் வாங்குவது கஷ்டம். சின்னக் கடைக்கு ஒரு ஃப்ரேம் வீணானால் அந்த மாத லாபமே போகும். 'ஆசையா கேட்டேன், இப்போ பிடிக்கலை' என்று திருப்பிக் கொடுக்கிறவரிடமிருந்து அவருக்குப் பாதுகாப்பு வேணும். அந்த அளவுக்கு 'ரிட்டர்ன் கிடையாது' என்பது நியாயமான விதிதான்.

ரிஜெக்‌ஷன் என்பது எவ்வளவு கசப்பு என்று இந்த ஊரைவிட நல்லாத் தெரிஞ்ச ஊர் இல்லை. லாட் திரும்பினால் மறுபடி பிரிச்சு, தைச்சு, ஒட்டணும். பெரும்பாலும் பெண்கள்தான் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்காங்க. பையர் சின்ன நூலுக்குக்கூட விலையைக் குறைக்கிறார் என்று மாமாவும் புலம்புவார். ஆனால், "அதனால் இன்ஸ்பெக்‌ஷனே வேண்டாமா?" என்று நான் கேட்டதுக்கு அவர் சொன்னார்: "ஷீட் இருக்கறதாலதான் மாப்ள, பையர் சும்மா சொன்னா நாங்களும் 'இல்ல, சாம்பிள்ல இப்படித்தான் இருக்கு'ன்னு எடுத்துக் காட்ட முடியுது."

இதுதான் முக்கியம். எழுதி வைச்ச ஸ்பெக் இரண்டு பக்கத்தையும் காப்பாத்தும். நான் 52 என்று எழுதிட்டு, அப்புறம் 50 வேணும்னு சண்டை போட்டால் கடைக்காரர் அந்த ஷீட்டைக் காட்டி என்னைத் திருப்பி அனுப்பலாம். ஷீட் இல்லாத இடத்தில் யார் குரல் பெரிசோ அவங்க ஜெயிப்பாங்க.

ஆர்டர் கொடுக்கும் முன்னாடியே

அதனால், அட்வான்ஸ் அனுப்பும் முன்னாடி ஒரே ஒரு பக்கம் தயார் பண்ணுங்க. ஃப்ரேம் சைஸை வெறும் 52, 54 என்று எழுதாதீங்க. ஒரு கம்பெனியின் 52 இன்னொரு கம்பெனியின் 54 மாதிரி இருக்கும். ஷூவில் ஒரே எட்டாம் நம்பர் இரண்டு லாஸ்ட்டில் இரண்டு மாதிரி இருப்பது போலத்தான். மேல்குழாய் நீளம், சீட் குழாய் நீளம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் கேளுங்க. கிராங்க் நீளம், பல்சக்கர எண், ஹேண்டில்பார் அகலம், ஸ்டெம் நீளம், டயர் சைஸ், எந்த பிரேக் லீவர் எந்தப் பக்கம், நிறத்துக்குப் பெயிண்ட் கம்பெனியின் எண் என்று எல்லாம் வரட்டும். கீழே ஒரு வரி: 'இதில் எதை மாற்றணும்னாலும் முன்கூட்டி என் சம்மதம் எழுத்தில் வேணும்.' கடையிடமிருந்து 'உறுதி' என்று பதில் வந்த பிறகுதான் பணம்.

மீதிப் பணத்தை அனுப்பும் முன்னாடி, பேக் பண்றதுக்கு முந்தைய நிலையில் டேப் வச்ச ஃபோட்டோ கேளுங்க. அதுதான் உங்க இன்ஸ்பெக்‌ஷன். என் கடையிடம் நான் அதைக் கேட்டிருந்தால், 54 பெங்களூரிலேயே நின்றிருக்கும்.

கடைகளுக்கும் ஒரு கோரிக்கை. 'கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் கிடையாது' என்ற வரியை எடுத்துட்டு, 'நாங்க உறுதிசெய்த அளவில் இல்லாவிட்டால் எங்க செலவில் மாற்றித் தருவோம், மனசு மாறினால் திரும்ப எடுக்க மாட்டோம்' என்று போடுங்க. நல்ல கடைக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை.

என் கதை எப்படி முடிஞ்சதுன்னு கேட்பீங்க. மூன்று வாரம் மெயில் போட்டதில் பல்சக்கரத்தை மாற்றித் தந்தாங்க. சின்ன ஸ்டெம் ஒண்ணு அனுப்பினாங்க. 6,000 ரூபாய் திருப்பித் தந்தாங்க. ஃப்ரேம் மாறலை. நானும் அதுக்கு மேல் இழுக்காமல் ஒத்துக்கிட்டேன்.

போன மாதம் ஏலகிரி ஏறினேன். 14 வளைவும் ஏறிட்டேன், மேலே போய்ச் சேரும்போது வலது கை இரண்டு விரல் மரத்துப் போயிருந்தது. மாமா பின்னாடியே டூ வீலரில் வந்தார். தண்ணி பாட்டிலைக் கொடுத்துட்டு சைக்கிளைப் பார்த்துச் சொன்னார்:

"எங்க ஃபேக்டரியா இருந்தா, இது கேட்டைத் தாண்டியிருக்காது மாப்ள."